அணி இருக்கும் அமெரிக்கா, அணி இல்லாத அந்தமான்: கிரிக்கெட் எங்கே வேர் பிடிக்கிறது?

ஸ்ரீ விஜயபுரம்: 2024 ஜூன் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகருக்கு அருகே உள்ள கிராண்ட் பிரெய்ரி மைதானத்தில் காலை 10.30 மணிக்கு டி20 உலகக் கோப்பை ஆட்டம் ஒன்று தொடங்கியது. அப்போது இந்தியாவில் இரவு 9 மணி. பாகிஸ்தான் 159 ரன் எடுத்தது. அமெரிக்காவும் 159 ரன் எடுத்தது. சூப்பர் ஓவரில் அமெரிக்கா 18 ரன் குவிக்க, பாகிஸ்தானால் 13 ரன் மட்டுமே எடுக்க முடிந்தது. அந்த ஓவரை வீசிய சவுரப் நேத்ரவால்கர், மும்பையில் பிறந்து ஆரக்கிள் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிபவர். நள்ளிரவைக் கடந்தும் விழித்திருந்த இந்திய ரசிகர்கள் சமூக வலைதளங்களில் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தனர்.

அதே நேரத்தில், அந்த வெற்றிக்குச் சொந்தக்காரர்களான அமெரிக்கர்களில் பெரும்பாலானோருக்குத் தங்கள் நாட்டுக்கு ஒரு கிரிக்கெட் அணி இருப்பதே தெரியாது. சில நாள்களுக்குப் பின் அமெரிக்க வெளியுறவுத் துறையின் செய்தியாளர் சந்திப்பில் பாகிஸ்தான் அணியின் தோல்வி குறித்துக் கேள்வி எழுந்தபோது, அத்துறையின் செய்தித் தொடர்பாளர் மேத்யூ மில்லர், அது தமது நிபுணத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று சிரித்தபடி நழுவினார்.

உலகக் கோப்பையில் ஆட ஓர் அணி உண்டு, அதை அறிந்த மக்கள் மிகக் குறைவு என்ற இந்த நிலைக்கு நேரெதிரான நிலை வங்காள விரிகுடாவின் நடுவே காணப்படுகிறது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கிரிக்கெட்டை அறியாதவரைத் தேடுவது கடினம். ஆனால், இந்தியாவின் முதன்மை உள்நாட்டுத் தொடரான ரஞ்சிக் கோப்பையில் அந்தத் தீவுகளுக்கு அணி இல்லை.

ஒரு விளையாட்டு மக்களிடம் பிரபலமாக இருப்பதும், அந்த விளையாட்டில் ஓர் ஊருக்கு இடம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த இரு நிலப்பரப்புகளும் தெளிவாகக் காட்டுகின்றன.

அமெரிக்கர்களுக்குக் கிரிக்கெட் என்றால் என்ன?

சராசரி அமெரிக்கரிடம் ‘கிரிக்கெட்’ என்று சொன்னால், முதலில் நினைவுக்கு வருவது இரவில் ரீங்கரிக்கும் சுவர்க்கோழி என்ற பூச்சி. ஒருவர் சொன்ன நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காமல் அமைதி நிலவினாலும் அங்கு அந்தப் பூச்சியின் பெயரைத்தான் சொல்வார்கள். விளையாட்டைக் கேள்விப்பட்டவர்களிலும் பலர், புல்தரையில் சுத்தியலால் மரப்பந்தைத் தட்டும் ‘குரோக்கே’ என்ற வேறொரு விளையாட்டுடன் அதைக் குழப்பிக்கொள்வது உண்டு.

எண்ணிக்கைகளும் இதையே உணர்த்துகின்றன. பார்ப்பதற்கு மிகவும் பிடித்த விளையாட்டு எது என்று காலப் நிறுவனம் 2023 டிசம்பரில் நடத்திய கருத்துக்கணிப்பில் 41 சதவீத அமெரிக்கர்கள் அமெரிக்கக் கால்பந்தைத் தேர்ந்தெடுத்தனர். பேஸ்பாலுக்கு 10 சதவீதமும், கூடைப்பந்துக்கு 9 சதவீதமும், உலகமே கொண்டாடும் கால்பந்துக்கு 5 சதவீதமும் கிடைத்தன. பல ஆண்டுகளாகப் பெரும் பணம் கொட்டப்பட்டு வரும் கால்பந்துக்கே இந்த நிலை என்றால் கிரிக்கெட்டின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

2024 உலகக் கோப்பை இந்த நிலையை ஓரளவு மாற்றும் என எதிர்பார்க்கப்பட்டது. நியூயார்க் அருகே நாசாவ் கவுண்டியில் உள்ள ஐசன்ஹோவர் பூங்காவில் 34,000 பேர் அமரக்கூடிய தற்காலிக மைதானம் சில மாதங்களில் எழுப்பப்பட்டது. லாஸ் வேகாஸ் கார் பந்தயத்துக்குப் பயன்பட்ட இருக்கை அமைப்புகள் அங்குக் கொண்டுவரப்பட்டன. ஆடுகளங்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மைதானப் பராமரிப்பாளரின் மேற்பார்வையில் ஃபுளோரிடாவில் வளர்க்கப்பட்டு, லாரிகளில் நியூயார்க்குக்கு எடுத்துச்செல்லப்பட்டன. ஜூன் 9-ஆம் தேதி இந்தியா 119 ரன் மட்டுமே எடுத்தபோதும் பாகிஸ்தானை 6 ரன் வித்தியாசத்தில் வென்றது அங்குதான். அரங்கு நிறைந்திருந்தது. ஆனால், ஜூன் 12-ஆம் தேதி இந்தியா - அமெரிக்கா ஆட்டம் முடிந்ததும் அந்த மைதானம் பிரித்தெடுக்கப்பட்டுப் பூங்கா மீண்டும் பூங்காவானது.

அங்கு இந்தியா ஆடிய ஆட்டங்கள் அனைத்தும் உள்ளூர் நேரப்படி காலை 10.30 மணிக்கே தொடங்கின என்பதும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் அது இரவு 8 மணி. அமெரிக்காவில் நடந்தாலும், தொடரின் கடிகாரம் இந்தியத் தொலைக்காட்சி நேயர்களுக்காகவே ஓடியது. வேலைநாளின் காலைப்பொழுதில் நடக்கும் ஓர் ஆட்டத்தை, அதன் விதிகளையே அறியாத அமெரிக்கர் தற்செயலாகப் பார்த்து ரசிப்பார் என எதிர்பார்ப்பது அதிகப்படியானது.

ரஞ்சியை முதல் பந்தில் வீழ்த்திய அமெரிக்கர்

இந்த விளையாட்டு அமெரிக்காவுக்குப் புதிது என்று கருதினால் அது தவறு. உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டமே அங்குதான் நடந்தது. 1844 செப்டம்பரில் நியூயார்க்கில் உள்ள செயின்ட் ஜார்ஜ் கிளப் மைதானத்தில் அமெரிக்காவும் கனடாவும் மோதின. கனடா 23 ரன் வித்தியாசத்தில் வென்றது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் முதல் டெஸ்டில் ஆடியது அதற்கு 33 ஆண்டுகளுக்குப் பின்னர், 1877-இல்தான். 1859-இல் இங்கிலாந்து வீரர்கள் மேற்கொண்ட முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணமும் வட அமெரிக்காவுக்கே.

1861 முதல் 1865 வரை நீடித்த உள்நாட்டுப் போர் திருப்புமுனையாக அமைந்தது. சீரான ஆடுகளமும் நீண்ட நேரமும் கேட்கும் கிரிக்கெட்டைவிட, கிடைத்த வெட்டவெளியில் சில மணி நேரத்தில் ஆடி முடிக்கக்கூடிய பேஸ்பால் படைவீரர்களிடையே பரவியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அதையும் உடன் எடுத்துச்சென்றனர்.

எனினும் ஃபிலடெல்ஃபியா நகரில் மட்டும் மேலும் அரை நூற்றாண்டு காலம் கிரிக்கெட் செழித்தது. 1893-இல் அங்கு வந்த ஆஸ்திரேலிய அணியை ஃபிலடெல்ஃபியா அணி இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்நகரின் பார்ட் கிங், உலகின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டவர். 1908-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 87 விக்கெட்டுகளைச் சராசரி 11.01 ரன் என்ற கணக்கில் வீழ்த்தி, அந்தப் பருவத்தின் பந்துவீச்சுச் சராசரிப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்.

1897-இல் சசெக்ஸ் அணிக்கு எதிராக கிங் 13 ரன் மட்டுமே கொடுத்து 7 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். அந்த ஏழு பேரில் ஒருவர் கே.எஸ்.ரஞ்சித்சிங்ஜி. முதல் பந்திலேயே கிளீன் போல்டாகி வெளியேறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1899-இல் அதே ரஞ்சித்சிங்ஜி ஓர் ஆங்கிலேய அணிக்குத் தலைமை தாங்கி அமெரிக்கா சென்று ஆடினார். அவர் பெயரால் 1934-இல் தொடங்கப்பட்டதே ரஞ்சிக் கோப்பை. அதன் முதல் ஆட்டம் சென்னை சேப்பாக்கத்தில் மெட்ராஸ், மைசூர் அணிகளுக்கு இடையே நடந்து, ஒரே நாளில் முடிந்துபோனது தமிழக ரசிகர்கள் பலரும் அறிந்த செய்தி.

(ரஞ்சி வீழ்ந்து 127 ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கில் விராட் கோலியை முதல் பந்திலேயே வெளியேற்றினார் நேத்ரவால்கர். அன்று பந்து வீசியவர் அமெரிக்காவில் பிறந்தவர், ஆட்டமிழந்தவர் இந்தியர். இம்முறை இருவருமே இந்தியாவில் பிறந்தவர்கள்.)

1909-இல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றும் சேர்ந்து இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. அது பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளுக்கானது என்பதால் அமெரிக்காவுக்கு அதில் இடமில்லை. களத்தில் ஆஸ்திரேலியாவையே வென்ற ஒரு நகரம் இருந்தும், கதவு மூடப்பட்டது. 1965-இல் அந்த அமைப்பு பெயரை மாற்றிக்கொண்டு இணை உறுப்பினர்களைச் சேர்க்கத் தொடங்கியபோதுதான் அமெரிக்கா உள்ளே வந்தது. அதற்குள் ஃபிலடெல்ஃபியாவின் கிளப்புகள் பல டென்னிசுக்கு மாறிவிட்டன. கிளப்பின் பெயரில் மட்டும் ‘கிரிக்கெட்’ என்ற சொல் எஞ்சியது.

புலம்பெயர்ந்தோர் தூக்கிவந்த மட்டை

இன்று அமெரிக்காவில் கிரிக்கெட்டை ஆடுவோரும் பார்ப்போரும் பெரும்பாலும் தெற்காசியாவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் குடியேறியவர்கள், அவர்களின் பிள்ளைகள். இந்திய வம்சாவளியினர் மட்டும் சுமார் 50 லட்சம் பேர் அங்கு வசிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவோர் சுமார் மூன்று லட்சம்.

பாகிஸ்தானை வென்ற அணியின் பட்டியலே இதைச் சொல்லும். கேப்டன் மோனாங்க் படேல் குஜராத்தின் ஆனந்த் நகரைச் சேர்ந்தவர். மூன்று விக்கெட் எடுத்த நோஸ்துஷ் கெஞ்சிகே அலபாமாவில் பிறந்து கர்நாடகத்தில் வளர்ந்தவர். தொடக்க ஆட்டத்தில் கனடாவுக்கு எதிராக 40 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 94 ரன் விளாசிய ஆரோன் ஜோன்ஸ் நியூயார்க்கில் பிறந்து பார்படாஸில் வளர்ந்தவர். நியூசிலாந்து அணிக்காக முன்பு ஆடிய கோரி ஆண்டர்சனும் அந்த அணியில் இருந்தார்.

2023 ஜூலையில் தொடங்கிய மேஜர் லீக் கிரிக்கெட் தொடர் இந்த ரசிகர் கூட்டத்தை நம்பியே உருவானது. ஆறு அணிகளில் ஒன்றான டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ், சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்தின் பங்களிப்பில் உருவானது. மஞ்சள் சீருடை, பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங், கேப்டன் ஃபாஃப் டு பிளெஸ்ஸி எனச் சேப்பாக்கத்தின் சாயல் அப்படியே டெக்சாஸுக்குச் சென்றது. மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்ய நாதெல்லா, அடோபி தலைவர் சாந்தனு நாராயண் ஆகியோர் இத்தொடரின் முதலீட்டாளர்களில் அடங்குவர். டெக்சாஸ் அணியின் மைதானமான கிராண்ட் பிரெய்ரி, முன்பு சிறிய பேஸ்பால் அணி ஒன்றின் அரங்காக இருந்து சுமார் 7,200 இருக்கைகளுடன் கிரிக்கெட்டுக்கு மாற்றப்பட்டது. 2025 தொடரின் தொடக்க ஆட்டம் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் கொலிசியத்தில் நடந்தது. அதுவும் பேஸ்பால் அணி காலி செய்துவிட்டுப் போன அரங்கமே. அன்று நியூசிலாந்தின் ஃபின் ஆலன் 19 சிக்சர்களுடன் 151 ரன் அடித்தார்.

இந்தத் தொடரால் குடியேறிகள் அல்லாத அமெரிக்கர்கள் கிரிக்கெட்டின் பக்கம் திரும்பினார்களா என்பதே விடை காண வேண்டிய கேள்வி. ஆங்காங்கே சில சான்றுகள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் காம்ப்டன் பகுதியில், வன்முறைக் கும்பல்களின் பிடியில் இருந்த இளைஞர்களையும் வீடற்றவர்களையும் கொண்டு 1995-இல் உருவான கிரிக்கெட் கிளப் இங்கிலாந்துக்கே சென்று ஆடிவிட்டு வந்தது. நியூயார்க் நகரின் அரசுப் பள்ளிகளுக்கிடையே 2008 முதல் கிரிக்கெட் லீக் நடைபெறுகிறது. ஆனால், அந்தப் பள்ளி அணிகளிலும் பெரும்பான்மையோர் தெற்காசிய, கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள். 2023-இல் 19 வயதுக்கு உட்பட்ட மகளிருக்கான முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா களமிறக்கிய அணி ஏறக்குறைய முழுவதும் இந்திய வம்சாவளிச் சிறுமிகளைக் கொண்டிருந்தது.

இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சிறுமிகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள், அமெரிக்கப் பள்ளிகளில் படிப்பவர்கள். அவர்கள் ஆடும் ஆட்டத்தை ‘வந்தேறிகளின் விளையாட்டு’ என்று எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியும் என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே. பேஸ்பாலையும் கூடைப்பந்தையும் விட்டுவிட்டு அவர்களின் வகுப்புத் தோழர்கள் மட்டையைத் தூக்குவார்களா என்பது வேறு விஷயம்.

நிர்வாகத்திலும் அமெரிக்கக் கிரிக்கெட் தடுமாறி வருகிறது. முந்தைய நிர்வாக அமைப்பை 2017-இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் வெளியேற்றியது. அதற்குப் பதிலாக வந்த ‘யுஎஸ்ஏ கிரிக்கெட்’ அமைப்பின் உறுப்புரிமையும் 2025 செப்டம்பரில் இடைநிறுத்தப்பட்டது. தேசிய அணி தொடர்ந்து ஆட மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2024 உலகக் கோப்பையில் சூப்பர் 8 சுற்றுக்கு முன்னேறியதன் மூலம் அந்த அணி 2026 உலகக் கோப்பைக்கும் நேரடியாகத் தகுதி பெற்றிருந்தது.

மக்கள் ஆதரவு சொற்பம், நிர்வாகம் தள்ளாட்டம். ஆயினும் உலகக் கோப்பையில் இடம், தனி லீக், முதலீட்டாளர்கள் என அனைத்தும் அமெரிக்காவுக்குக் கிடைத்தன. உலகின் மிகப் பெரிய விளையாட்டுச் சந்தையை இழக்கக் கிரிக்கெட் விரும்பவில்லை என்பதே இதற்குக் காரணம்.

தீவுகளில் இருக்கும் ஆர்வம், இல்லாத ஏணி

அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581. வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் எனப் பெரும்பாலானோர் வெவ்வேறு காலங்களில் வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். நிக்கோபாரின் கச்சால் தீவில் உள்ள ரப்பர் தோட்டங்களுக்கு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் அனுப்பப்பட்டதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. அந்த வகையில் அமெரிக்காவைப் போலவே அந்தமானிலும் கிரிக்கெட் குடியேறியவர்களோடு பயணம் செய்த விளையாட்டுத்தான். வேறுபாடு, இங்குக் குடியேறியவர்களே பெரும்பான்மை.

ஆட்டத்தைப் பார்ப்பதற்கான வசதி சில ஆண்டுகளுக்கு முன்பு வரை எளிதாக இருக்கவில்லை. டிடிஎச் தொலைக்காட்சி இருந்தாலும், கைபேசி இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்ததால் நேரலை காண்பது பெரும்பாடு. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதிக்கப்பட்ட கண்ணாடி இழைக் கேபிளைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்த பிறகே நிலைமை மாறியது. ஸ்ரீ விஜயபுரம் மட்டுமின்றி ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களும் அதனால் இணைக்கப்பட்டன.

பார்ப்பதற்கான கேபிள் வந்துவிட்டது. ஆடி முன்னேறுவதற்கான ஏணி வரவில்லை.

உச்ச நீதிமன்றம் நியமித்த லோதா குழுவின் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து, 2018-19 பருவத்தில் அருணாச்சலப் பிரதேசம், பிஹார், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, புதுச்சேரி, சிக்கிம், உத்தராகண்ட் என ஒன்பது அணிகள் ரஞ்சிக் கோப்பையில் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு சண்டிகரும் சேர, அணிகளின் எண்ணிக்கை 38 ஆனது. புதுச்சேரி, சண்டிகர் இரண்டும் யூனியன் பிரதேசங்களே. ஆகவே மாநிலத் தகுதி இல்லாதது மட்டுமே ஒரு தடை என்று கூற இயலாது. ஆனால் அந்த 38-இல் அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் இல்லை.

சிறிய பகுதிகளுக்கு இடம் கொடுத்தால் தரம் குறையும் என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. முதல் பருவத்தில் சில ஆட்டங்கள் ஒருதலைப்பட்சமாக முடிந்ததும் உண்மை. எனினும் அந்தப் பருவத்தில் அதிக ரன் குவித்தவர் சிக்கிம் அணிக்காக ஆடினார். டெல்லியைச் சேர்ந்த மிலிந்த் குமார் வெளிமாநில வீரராகச் சேர்ந்து 1,331 ரன் எடுத்தார். சுமார் 6 லட்சம் மக்கள்தொகை கொண்ட சிக்கிமுக்கு ஓர் அணி கிடைத்ததால் அவருக்கும் ஒரு மேடை கிடைத்தது. பின்னர் அவர் அமெரிக்காவில் குடியேறி, டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் அணிக்கும் அமெரிக்கத் தேசிய அணிக்கும் ஆடினார். 19 வயதுக்கு உட்பட்ட இந்திய அணிக்கு 2012-இல் உலகக் கோப்பை வென்று தந்த உன்முக்த் சந்தும் அதே பாதையில் அமெரிக்கா சென்றவர்.

இந்தியாவில் வாய்ப்புக் குறைந்த வீரர், கிரிக்கெட் தெரியாத அமெரிக்காவுக்குச் சென்று சர்வதேச வீரராகிறார். அந்தமானில் பிறந்த இளைஞருக்கோ முதல் தரப் போட்டியில் ஆட வேண்டும் என்றால் கடல் கடந்து சென்னை, கொல்கத்தா போன்ற ஏதேனும் ஒரு நகரில் தங்கி, வேறொரு மாநிலச் சங்கத்தின் தகுதி விதிகளை நிறைவு செய்து, அங்குள்ள ஆயிரக்கணக்கானவர்களுடன் போட்டியிட வேண்டும். கப்பலில் சென்னை சென்றுசேரவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். பள்ளி செல்லும் வயதில் ஒரு பிள்ளையைப் பயிற்சிக்காக அவ்வளவு தொலைவு அனுப்பத் துணியும் குடும்பங்கள் எத்தனை இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மழையும் மாலை இருட்டும்

இயற்கையும் தன் பங்குக்குக் குறுக்கே நிற்கிறது. தீவுகளுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையின் அளவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம் காய்வதில்லை. ரஞ்சிக் கோப்பை பொதுவாகத் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் அந்தமானுக்கு மழைக்காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டுமே நான்கு நாள் ஆட்டம் ஒன்றை நம்பித் திட்டமிட முடியும்.

அடுத்தது வெளிச்சம். கடிகாரம் சென்னையின் கடிகாரமே என்றாலும், சூரியன் தீவுகளில் முன்னதாகவே உதித்து முன்னதாகவே மறைகிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஏறத்தாழ அதே தீர்க்கரேகையில் உள்ள குவாஹாட்டியில் 2025 நவம்பரில் இந்தியா - தென்னாப்பிரிக்கா டெஸ்ட் நடந்தபோது ஆட்டம் காலை 9 மணிக்கே தொடங்கப்பட்டது. தேநீர் இடைவேளை முதலிலும், மதிய உணவு இடைவேளை பின்னரும் விடப்பட்டன. டெஸ்ட் கிரிக்கெட்டின் நூறாண்டு வழக்கத்தையே சூரியனுக்கு ஏற்ப மாற்றியமைக்க முடிந்தது.

மைதானங்களுக்கான இடமும் இங்குச் சுருக்கம். தலைநகரின் மையத்தில் உள்ள நேதாஜி மைதானம், பிரிட்டிஷ் காலத்தில் ஜிம்கானா மைதானம் எனப்பட்டது. 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மூவண்ணக் கொடியேற்றிய இடம் என்பதால் வரலாற்றில் நிலைத்துவிட்டது. காடும் மலையும் கடற்கரையும் போக எஞ்சும் சமதளம் குறைவாக உள்ள தீவுகளில், ஒரு கிரிக்கெட் மைதானம் கேட்கும் பரப்பளவு சிறியதல்ல.

மிதிவண்டி காட்டும் பாதை

அப்படியானால் தீவு மக்களுக்கு விளையாட்டில் உயர வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கிரிக்கெட்டில் அல்ல, இந்தியாவில் மிகச் சிலரே பார்க்கும் டிராக் சைக்கிளிங் என்ற ஓடுதள மிதிவண்டிப் பந்தயத்தில்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்த டெபோரா ஹெரால்டு, மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு பல நாள்கள் உயிர் பிழைத்திருந்து மீட்கப்பட்டார். பின்னாளில் மிதிவண்டிப் பந்தய வீராங்கனையாகி, உலக டிராக் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவருக்குப் பின் வந்த ஈசோவ் ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏய்கல் நகரில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். உலக அளவிலான சைக்கிளிங் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

தீவுகளில் சைக்கிளிங்குக்குக் கிரிக்கெட்டைவிட ரசிகர்கள் அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கு இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருந்தது. திறமையுள்ளவர்களைக் கண்டறிந்து டெல்லியில் உள்ள தேசியப் பயிற்சி மையத்துக்கு அனுப்பும் வழி இருந்தது. தேசியப் போட்டிகளில் அந்தமான் நிக்கோபார் என்ற பெயரிலேயே களமிறங்க முடிந்தது. கடல் கடந்து போகத்தான் வேண்டியிருந்தது, ஆனால் அவர்களை அழைத்துச் செல்ல ஓர் அமைப்பு இருந்தது. கிரிக்கெட்டில் அந்த வழி இன்னும் அமையவில்லை.

அமெரிக்கக் கிரிக்கெட்டின் 1909-ஆம் ஆண்டும் இதையேதான் சொல்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டக்காரர்களும் இருந்தனர், பார்வையாளர்களும் இருந்தனர். பெரிய அணிகளுடன் தொடர்ந்து மோதுவதற்கான அமைப்புக்குள் இடம் இல்லாமல் போனதும் இரண்டு தலைமுறைக்குள் மட்டைகள் பரணுக்குப் போயின. அந்தமானில் கிரிக்கெட் ஆர்வம் அப்படி வற்றிவிடும் எனக் கூற முடியாது. தொலைக்காட்சியும் கைபேசியும் அதை உயிர்ப்புடன் வைத்திருக்கும். ஆனால் பார்ப்பவர்களாக மட்டுமே.

அடுத்து என்ன?

2023 அக்டோபர் 16-ஆம் தேதி மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்க்க ஒப்புதல் அளித்தது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனும் பிரான்ஸும் ஆடிய ஒற்றை ஆட்டத்துக்குப் பின், 128 ஆண்டுகள் கழித்து கிரிக்கெட் அங்குத் திரும்புகிறது. ஆடவர், மகளிர் பிரிவுகளில் தலா ஆறு அணிகள் டி20 முறையில் மோதும். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே உள்ள பொமோனா கண்காட்சித் திடலில் தற்காலிக மைதானம் அமைக்கப்படவுள்ளது. இதுவும் தற்காலிகமே.

ஒலிம்பிக் என்றால் விளையாட்டின் பெயர் தெரியாதவர்களும் தொலைக்காட்சி முன் அமர்வார்கள் என்பதால், கிரிக்கெட்டை அமெரிக்க மக்களிடம் அறிமுகப்படுத்த இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடைக்காது என்று அதன் நிர்வாகிகள் நம்புகின்றனர். அறிவிக்கப்பட்ட அட்டவணையின்படி ஆட்டங்கள் உள்ளூர் நேரம் காலை 9 மணிக்கும் மாலை 6.30 மணிக்கும் தொடங்கும். இந்தியாவில் அது முறையே இரவு 9.30 மணி, மறுநாள் காலை 7 மணி. அந்தமானில் ஜூலை மாதக் காலை 7 மணிக்குச் சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.